மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு லுக்கீமியா திரும்புமா என்று முன்கூட்டியே அறிய முடியுமா?

சுதுமலை_அம்மா | திங்கள், இரவு 10.20

வணக்கம். பிள்ளைகளின் நோய் பற்றி இங்கே விபரமாகக் கதைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தங்கச்சி சொன்னாள், அதுதான் எழுதுகிறேன்.

மகளுக்கு ஒன்பது வயது. ஏ.எல்.எல். வகை லுக்கீமியா, இரத்தப் புற்றுநோய். முதல் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே நோய் திரும்பியது. மறுபடியும் மருந்து கொடுத்துக் கட்டுப்படுத்தி, இந்தியாவில் ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை செய்தோம். கொடையாளி அவளுடைய தம்பி, முழுப் பொருத்தம். இப்போது ஐந்தாம் மாதம். வீட்டில் இருக்கிறாள், சாப்பிடுகிறாள், தம்பியோடு சண்டையும் பிடிக்கிறாள்.

போன கிளினிக்கில் பிளேட்லெட் 190,000. இந்த முறை 105,000. பார்த்ததிலிருந்து நித்திரை இல்லை. பழைய ஃபைலைக் கிளறினால் மாற்றுச் சிகிச்சைக்கு முன் எடுத்த எம்.ஆர்.டி. ரிப்போர்ட்டில் 0.02 சதவீதம் என்று இருக்கிறது. அப்போது அதைப் பற்றி ஒருவரும் எங்களிடம் பெரிதாகக் கதைக்கவில்லை. இப்போது தேடிப் பார்த்தால் எல்லாம் அந்த இலக்கத்தில்தான் இருக்கிறது என்று வருகிறது.

நோய் திரும்புமா இல்லையா என்பதை இப்போதே ஏதாவது பரிசோதனையால் அறிய முடியுமா? மாமி சாதகம் பார்த்துவிட்டு வந்து தை மாதத்தோடு சரியாகிவிடும் என்கிறார். எனக்கு டொக்டர்மார் சொல்லக்கூடியது வேண்டும்.

பனங்காய்ப்பணியாரம் | திங்கள், இரவு 10.41

மாமியைக் கோபிக்காதீர்கள் அக்கா, அவவுக்கும் நித்திரை இல்லாமல்தான் சாத்திரியிடம் போயிருப்பா. இங்கே ஒரு வைத்தியரும் ஆய்வுகூடத் தம்பி ஒருவரும் வருகிறவர்கள். இரண்டு பேரையும் கூப்பிட்டு விடுகிறேன்.

பிள்ளைவாட்டு | திங்கள், இரவு 11.35

அக்கா, நான் பிள்ளைகளின் புற்றுநோய் வாட்டில் வேலை செய்கிறேன். உங்கள் மகளைப் பார்க்கும் குழு சொல்வதுதான் முடிவு. நான் பொதுவாகத்தான் சொல்லலாம்.

முதலில் பிளேட்லெட். ஐந்தாம் மாதத்தில் அது இறங்குவதற்கு லுக்கீமியாவைத் தவிரவும் காரணங்கள் நிறைய உண்டு. சி.எம்.வி. போன்ற வைரசுகள் இந்தக் காலத்தில் தலைதூக்கும். நுரையீரல் தொற்று வராமல் கொடுக்கிற கோ-ட்ரைமொக்சசோல் குளிசையே எண்ணிக்கையைக் குறைக்கக் கூடியது. ஜி.வி.எச்.டி., அதாவது தம்பியின் கலங்கள் அக்காவின் உடம்பைத் தாக்குகிற நிலை, அதுவும் குறைக்கும். இதெல்லாம் போக, இது கார்த்திகை மாத யாழ்ப்பாணம். காய்ச்சல், உடம்பு நோ இருக்கிறதா? டெங்கு இல்லை என்பதை உறுதிப்படுத்தாமல் இந்த மாதத்தில் பிளேட்லெட்டைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. வெண்குருதிக் கலங்களும் ஹீமோகுளோபினும் எப்படி இருக்கின்றன, குருதிப்பூச்சில் பிளாஸ்ட், அதாவது முதிராத லுக்கீமியாக் கலம், தெரிகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாளைக் காலையே மாற்றுச் சிகிச்சை செய்த குழுவுக்கு ரிப்போர்ட்டை அனுப்புங்கள். அடுத்த கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்க வேண்டாம்.

இனி நீங்கள் கேட்டது. பிளேட்லெட் இறங்கித்தான் நோய் திரும்பியது தெரிய வருகிறது என்றால் அது பிந்திய செய்தி. எண்ணிக்கைகள் எல்லாம் நன்றாக இருக்கும்போதே அடியில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் முன்கூட்டி அறிவது. அதற்கு இன்று இரண்டு வழிகள் முக்கியம். ஒன்று எம்.ஆர்.டி.: எஞ்சியிருக்கும் லுக்கீமியாக் கலங்களைத் தேடுவது. மற்றது கைமெரிசம்: குருதியில் கொடையாளியின் கலம் எவ்வளவு, பிள்ளையின் பழைய கலம் எவ்வளவு என்று அளப்பது.

0.02 சதவீதம் என்றால் பத்தாயிரம் கலங்களில் இரண்டு. பெரும்பாலான ஆய்வுகள் கோடு போடுவது பத்தாயிரத்தில் ஒன்றில். அந்தக் கோட்டுக்கு மேலே நிற்கிறீர்கள் என்பது உண்மை, அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அளவு எடுத்த பிறகு பிள்ளைக்கு முழு மாற்றுச் சிகிச்சையும் நடந்திருக்கிறது. முப்பதாம் நாள், நூறாம் நாள் எம்.ஆர்.டி. என்ன என்பதுதான் இப்போது எனக்குத் தேவையான விடை. எடுத்தார்களா?

கணக்குவாத்தி | செவ்வாய், காலை 5.50

வைத்தியர் சொன்ன கோட்டுக்குப் பின்னால் உள்ள கணக்கை எழுதுகிறேன். பயமுறுத்த அல்ல. அரைகுறையாக வாசித்தால்தான் கூடப் பயம்.

ஜெர்மனியில் பீட்டர் பேடர் என்பவரின் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு இது. ஏற்கெனவே ஒருமுறை நோய் திரும்பி, அதன்பின் மாற்றுச் சிகிச்சைக்குப் போன பிள்ளைகள், ஆகவே உங்கள் மகளின் நிலைக்கு அருகில் உள்ளவர்கள். மொத்தம் 91 பேர். சிகிச்சைக்கு முன் எம்.ஆர்.டி. பத்தாயிரத்தில் ஒன்றோ அதற்கு மேலோ இருந்த 45 பேரில் நோய் திரும்பியது 57 சதவீதம். அதற்குக் கீழே இருந்த 46 பேரில் 13 சதவீதம்.

வித்தியாசம் பெரியதுதான். ஆனால் மற்றப் பக்கமாகவும் பாருங்கள். கோட்டுக்கு மேலே இருந்தவர்களிலும் நூற்றுக்கு 43 பேருக்கு நோய் திரும்பவில்லை. கோட்டுக்குக் கீழே இருந்தவர்களிலும் 13 பேருக்குத் திரும்பியது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எந்த நிகழ்வும் இல்லாமல் உயிர்வாழ்ந்தவர்கள் மேல் கூட்டத்தில் 27 சதவீதம், கீழ்க் கூட்டத்தில் 60 சதவீதம். 60உம் 13உம் கூட்டினால் 73. மிச்சம் 27? அவர்களில் அநேகர் லுக்கீமியாவால் அல்ல, தொற்றாலும் ஜி.வி.எச்.டி.யாலும் போனவர்கள். எம்.ஆர்.டி. இல்லாத பிள்ளைக்கு அந்தக் காலத்தில் நோயைவிடச் சிகிச்சையே கூடிய ஆபத்தாக இருந்திருக்கிறது. ஆகவே திரும்பும் வாய்ப்பு என்கிற ஒற்றை இலக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவெடுக்க முடியாது.

45 பேர் என்பது சிறிய கூட்டம் என்பதையும் மறக்க வேண்டாம். என் வகுப்பில் இதைவிடக் கூடுதலாகப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சுதுமலை_அம்மா | செவ்வாய், காலை 6.30

காய்ச்சல் இல்லை டொக்டர். வெண்குருதிக் கலம் 4,200, ஹீமோகுளோபின் 11. பிளாஸ்ட் பற்றி ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை. காலையிலேயே அங்கே அனுப்பிவிட்டேன்.

முப்பதாம் நாளும் நூறாம் நாளும் எலும்பு மச்சை எடுத்தார்கள். இரண்டிலும் எம்.ஆர்.டி. நெகட்டிவ். கைமெரிசம் முப்பதாம் நாள் 100, நூறாம் நாள் 98. அந்த 98 என்ன? இரண்டு சதவீதம் லுக்கீமியாவா?

இன்னொன்று. இரண்டாம் மாதத் தொடக்கத்தில் உள்ளங்கையிலும் காதிலும் சிவந்து தடித்து வந்தது. ஜி.வி.எச்.டி. முதலாம் தரம் என்றார்கள். களிம்பு பூச அடங்கிவிட்டது. அதுவும் கூடாத அறிகுறியா?

மாஸ்ரர், இரண்டு முறை வாசித்தேன். 43 என்பதை ஒருவரும் இதற்கு முன் எனக்குச் சொல்லவில்லை.

ஆய்வுகூடக்காரன் | செவ்வாய், மதியம் 1.15

அக்கா, 98க்கு நான் வருகிறேன், அது என்னுடைய பகுதி.

கைமெரிசம் எடுப்பது அநேகமாக எஸ்.டி.ஆர். முறையில். கொடையாளிக்கும் பிள்ளைக்கும் டி.என்.ஏ.யில் வேறுபடும் இடங்களைப் பெருக்கி, யாருடையது எவ்வளவு என்று பார்ப்போம். இந்த முறையில் ஒன்றிரண்டு சதவீதம் வித்தியாசம் வருவது சாதாரணம். அதோடு அந்த 2 சதவீதம் லுக்கீமியாக் கலம் என்று அர்த்தமில்லை. பிள்ளையின் பழைய, நல்ல ரி-கலங்கள் (ஒரு வகை எதிர்ப்புக் கலம்) சில எஞ்சியிருந்தாலும் அப்படித்தான் காட்டும். பார்க்க வேண்டியது போக்கு. 100, 98, அடுத்தது 99 என்றால் பிரச்சினை இல்லை. 100, 98, 93, 85 என்று இறங்கினால்தான் உசார். பேடர் குழுவே 2004இல் பிள்ளைகளிடம் இதைக் காட்டியது: பிள்ளையின் பங்கு கூடிக்கொண்டே போனவர்களிடம்தான் நோய் அதிகம் திரும்பியது. சந்தேகம் என்றால் ரி-கலங்களை வேறாகவும் மற்றவற்றை வேறாகவும் பிரித்துக் கேட்கலாம். கொடையாளி தம்பி, வாங்கியவள் அக்கா என்பதால் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஒவ்வொரு கலத்திலும் எக்ஸ்-வையா, எக்ஸ்-எக்ஸா என்று நிறக்குறி போட்டு எண்ணலாம்.

எம்.ஆர்.டி. நெகட்டிவ் என்பதில் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: எத்தனை கலம் எண்ணினார்கள்? ஃப்ளோ சைட்டோமெட்ரியில், அதாவது கலங்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓட விட்டு எண்ணுகிற முறையில், பத்தாயிரத்தில் ஒன்றைப் பிடித்தோம் என்று துணிந்து சொல்ல ஏறத்தாழ ஐந்து இலட்சம் கலங்களாவது ஓட வேண்டும். ஐம்பதாயிரம் கலம் ஓடிவிட்டு நெகட்டிவ் என்று எழுதினால் அதற்கு அவ்வளவு பெறுமதி இல்லை. மாற்றுச் சிகிச்சைக்குப் பிந்திய மச்சை பல வேளை ஐதாகத்தான் வரும், கலம் குறைவு. அதனால்தான் ஊசி போட்டு முதல் இழுப்பில் வருகிற மச்சையையே எம்.ஆர்.டி.க்கு அனுப்பச் சொல்வார்கள். இரண்டாம் மூன்றாம் இழுப்பில் குருதி கலந்துவிடும். இங்கே ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் கடைசி இழுப்பை எம்.ஆர்.டி. குழாயில் போட்டு அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். முதல் இழுப்பு ஸ்லைட்டுக்குப் போயிருந்தது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மச்சை திரும்ப வளரும்போது ஹெமற்றோகோன் என்கிற இளம் பி-கலங்கள் கூட்டமாக வரும். நல்ல கலங்கள்தான், ஆனால் பார்வைக்கு ஏ.எல்.எல். பிளாஸ்ட் மாதிரியே இருக்கும். பழக்கம் குறைந்தவர் பார்த்தால் பொசிட்டிவ் என்று எழுதிவிடுவார், வீடு முழுக்க ஒப்பாரிதான். ஒரு பொசிட்டிவ் வந்தால் உடனே நம்பிவிடாமல் திரும்ப எடுத்துப் பார்ப்பதும், வேறொரு முறையால் சரிபார்ப்பதும் அதனால்தான்.

பிள்ளைவாட்டு | செவ்வாய், இரவு 9.05

தம்பி நன்றாக எழுதியிருக்கிறார். நான் உள்ளங்கைச் சிவப்புக்கு வருகிறேன், ஏனென்றால் அதை நீங்கள் தலைகீழாக விளங்கியிருக்கிறீர்கள் அக்கா.

மாற்றுச் சிகிச்சை லுக்கீமியாவைக் குணமாக்குவது கடும் மருந்தாலும் கதிர்வீச்சாலும் மட்டும் அல்ல. கொடையாளியின் எதிர்ப்புக் கலங்கள் மிஞ்சிய லுக்கீமியாக் கலங்களை அந்நியமாக அடையாளம் கண்டு அழிக்கின்றன. 1990இல் மேரி ஹொரோவிட்ஸ் குழு 2,254 நோயாளிகளின் விபரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது இது தெளிவாகத் தெரிந்தது. ஜி.வி.எச்.டி. வந்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு. அச்சொட்டான இரட்டைப் பிறவியிடமிருந்து மச்சை வாங்கியவர்களுக்குக் கூட. எல்லா விதத்திலும் ஒரே மாதிரியான கலம் என்றால் சண்டை இல்லை, சண்டை இல்லாவிட்டால் பாதுகாப்பும் குறைவு. பிள்ளைகளிடமும் அதே கதை: அமெரிக்கப் பிள்ளைகளின் புற்றுநோய்க் குழு செய்த ஆய்வில், 55ஆம் நாளுக்குள் ஜி.வி.எச்.டி. எட்டிப் பார்க்காத பிள்ளைகளிடம் நோய் கூடுதலாகத் திரும்பியது.

ஆகவே முதலாம் தரத் தடிப்பு வந்து அடங்கியது மகளின் பக்கம் எழுத வேண்டிய புள்ளி. மூன்றாம் நான்காம் தரம் என்றால் கதை வேறு, அது உயிரையே எடுக்கும்.

முழு உடம்புக் கதிர்வீச்சு கொடுத்தார்களா என்றும் பாருங்கள். 2021இல் வெளிவந்த ஃபோரம் என்கிற பெரிய ஆய்வில், நாலு வயதுக்கு மேற்பட்ட ஏ.எல்.எல். பிள்ளைகளில் கதிர்வீச்சோடு மாற்றுச் சிகிச்சைக்கு ஆயத்தம் செய்தவர்களிடம் இரண்டு வருடத்தில் நோய் திரும்பியது 12 சதவீதம், மருந்து மட்டும் கொடுத்தவர்களிடம் 33. அந்த வித்தியாசத்தைப் பார்த்து ஆய்வில் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டு கூட்டமாகப் பிரிக்கும் பகுதியையே நேரகாலத்தோடு நிறுத்தினார்கள்.

சுதுமலை_அம்மா | செவ்வாய், இரவு 9.20

ஓம், கதிர்வீச்சு கொடுத்தார்கள். நாலு நாள், காலையும் பின்னேரமும்.

வேலியோரம் | செவ்வாய், இரவு 11.50

எல்லோரும் கோபிக்காதீர்கள். முன்கூட்டி அறிந்து என்ன செய்தோம் என்று நான் கேட்கிறேன். எங்கள் பிள்ளைக்கு மூன்றாம் மாதம் எம்.ஆர்.டி. பொசிட்டிவ் வந்தது. பிள்ளை ஓடித் திரிந்தான். எங்களுக்குத்தான் சோறு இறங்கவில்லை. செய்யக்கூடியது எல்லாம் செய்து பார்த்தார்கள், காப்பாற்ற முடியவில்லை. அது தெரியாமல் இருந்திருந்தால் அந்த மாதங்களாவது எங்களுக்கு மிஞ்சியிருக்கும். நல்லூர்த் திருவிழாவுக்குக் கூட்டிப் போயிருப்போம். கூட்டத்துக்குள் தொற்று வரும் என்று அதையும் மறித்து வைத்தோம்.

பரிசோதனைக்கு எதிராகச் சொல்லவில்லை. முடிவு வந்தால் அடுத்து என்ன செய்வோம், அதற்கு எவ்வளவு முடியும் என்று கதைத்துவிட்டு ஊசியைக் குத்தச் சொல்லுங்கள்.

கொக்குவில்_அப்பா | புதன், காலை 7.10

வேலியோரம் அண்ணை, உங்கள் கடைசி வரி நூற்றுக்கு நூறு. எங்களுக்கு அப்படிக் கதைத்த ஒரு டொக்டர் கிடைத்தார்.

எங்கள் கதை வேறு மாதிரி. மகனுக்கு மச்சையில் எம்.ஆர்.டி. நெகட்டிவ், கைமெரிசம் 100, எல்லாம் சுத்தம். ஆனால் நோய் வந்தது விதையில். நோவே இல்லாமல் ஒரு பக்கம் கல்லு மாதிரித் தடித்திருந்தது, குளிக்க வார்க்கும்போது மனுசிதான் கண்டா. மச்சை ரிப்போர்ட் நல்லதாக இருந்ததால் முதலில் காட்டிய இடத்தில் 'இது அது இல்லை' என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு வேறு இடத்தில் சதைத் துண்டு எடுத்துப் பார்த்துத்தான் உறுதியானது. இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

மூளைத் தண்ணியும் விதையும் மச்சை ரிப்போர்ட்டில் தெரிய வேண்டும் என்றில்லை. ஆம்பிளைப் பிள்ளை வைத்திருப்பவர்கள் வெட்கப்படாமல் பாருங்கள். எல்லோரும் காலையில் தலையிடி, சத்தி, கண்பார்வை மாறுவது இவற்றைச் சொல்லுங்கள்.

பிள்ளைவாட்டு | புதன், இரவு 8.40

வேலியோரம் அண்ணைக்கு என்ன எழுதினாலும் குறைவு. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: செய்யக்கூடியவை இன்று அன்றை விட அதிகம், அதனால்தான் கேள்வியே மாறியிருக்கிறது.

நோய் முழுதாகத் திரும்பிய பிறகு கொடையாளியின் வெண்குருதிக் கலங்களை மட்டும் கொடுத்தால் ஏ.எல்.எல்.லில் பெரிய பலன் இல்லை. எம்.ஆர்.டி. மட்டத்தில், கலம் கொஞ்சமாக இருக்கும்போது பிடித்தால் பிடி இருக்கிறது. எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கிற சைக்ளோஸ்போரின் மருந்தை வேகமாகக் குறைத்து தம்பியின் கலங்களுக்குக் கையை அவிழ்த்து விடலாம். அதன் விலை ஜி.வி.எச்.டி. கொடையாளியின் வெண்கலங்களை அளந்து கொடுக்கலாம். பிளினற்றுமொமாப் என்கிற மருந்து இருக்கிறது, லுக்கீமியாக் கலத்தையும் ரி-கலத்தையும் பக்கத்தில் கொண்டுவந்து சேர்க்கும். பிறகு கார்-ரி, அதாவது ரி-கலங்களை வெளியே எடுத்து லுக்கீமியாவைத் தாக்கும்படி மாற்றித் திரும்பக் கொடுப்பது. 2017 ஓகஸ்டில் அமெரிக்காவில் முதலாவதாக அனுமதி கிடைத்ததே 25 வயது வரையான ஏ.எல்.எல். நோயாளிகளுக்குத்தான். இந்தியாவிலும் 2023இல் அவர்களே தயாரித்த ஒன்றுக்கு அனுமதி கொடுத்தார்கள், 15 வயதுக்கு மேல் என்ற நிபந்தனையோடு. விலையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, ஆளாளுக்கு நிலையத்துக்கு நிலையம் வேறு. ஆனால் அண்ணை சொன்ன மாதிரி முதலே கேட்க வேண்டியது அது.

இந்தச் சிகிச்சைகள் எல்லாம் ஏதோ ஒரு ஆபத்தோடு வருகின்றன. எல்லாப் பிள்ளைக்கும் முற்காப்பாகக் கொடுத்தால், நோய் திரும்பவே போகாத பிள்ளையை ஜி.வி.எச்.டி.யில் தள்ளிவிடுவோம். யாருக்குக் கொடுப்பது என்று பிரிக்கத்தான் முன்கூட்டிய கணிப்பு. கணிப்பு ஒரே நாளில் முடிகிற காரியமும் அல்ல. பல நாட்டு நிலையங்கள் தங்கள் பிள்ளைகளின் விபரங்களைச் சேர்த்து 2019இல் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் காட்டியது. சிகிச்சைக்குப் பிறகு நாள் போகப் போக, முன்பு எடுத்த எம்.ஆர்.டி.யின் பலம் குறைந்து, பின்னால் எடுக்கும் எம்.ஆர்.டி.யின் பலம் கூடுகிறது. முப்பதாம் நாள் மிகச் சிறிதாகத் தெரிந்தது பிறகு தானாக மறைவதும் உண்டு. நூறாம் நாளுக்குப் பிறகு புதிதாகத் தெரிந்தால் அதைச் சும்மா விட முடியாது.

அக்கா, உங்கள் 0.02 பழைய இலக்கம். அதற்கு மேல் இரண்டு நெகட்டிவ், கதிர்வீச்சு, மெல்லிய ஜி.வி.எச்.டி. வந்திருக்கின்றன. ஆறாம் மாத மச்சைதான் அடுத்த பெரிய புள்ளி. இரண்டு வருடம் கடந்தால் திரும்பும் வாய்ப்பு நன்றாக இறங்கிவிடும்.

ஸ்காபரோ_மச்சாள் | புதன், இரவு 11.15

இங்கே கனடாவில் என் மகள் கணினித் துறையில் படிக்கிறாள். செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடும் என்கிறாள். அப்படி ஒன்றில் மகளின் ரிப்போர்ட்டுகளைப் போட்டுப் பார்க்க முடியாதா? மில்லியனில் ஒரு கலத்தைக் கண்டுபிடிக்கிற பரிசோதனையும் இருக்கிறதாமே?

கணக்குவாத்தி | வியாழன், காலை 5.40

தங்கச்சி, இயந்திரம் படிக்கக் கணக்கற்ற உதாரணங்கள் வேண்டும். மாற்றுச் சிகிச்சைக்குப் போகும் பிள்ளைகள் ஒரு நாட்டில் வருடத்துக்கு எத்தனை பேர்? அதிலும் நிலையத்துக்கு நிலையம் மருந்து வேறு, கொடையாளி வேறு, மச்சை எடுக்கும் நாள் வேறு. ஒரு இடத்துப் பிள்ளைகளில் பழகிய கணிப்பை இன்னொரு இடத்துப் பிள்ளைகளில் சோதித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது. ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ செய்த வாய்ப்பாடு, பருத்தித்துறையில் பிறந்து இந்தியாவில் மச்சை மாற்றிய பிள்ளைக்கு எவ்வளவு பொருந்தும்? மகளைப் படிக்கச் சொல்லுங்கள், இந்தப் பக்கம் ஆள் தேவை. அக்காவின் ரிப்போர்ட்டை இப்போது எதிலும் போட வேண்டாம்.

ஆய்வுகூடக்காரன் | வியாழன், மதியம் 12.50

மில்லியனில் ஒன்று உண்மைதான். நெக்ஸ்ட் ஜெனரேஷன் சீக்குவென்சிங். ஒவ்வொரு பி-கலத்திலும் எதிர்ப்புப் புரத மரபணு வேறு வேறாக வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். லுக்கீமியா ஒரு கலத்திலிருந்து பெருகுவதால் எல்லாவற்றிலும் அதே வெட்டு. அந்த வரிசையைத் தேடுவதுதான் வேலை. 2015இல் மைக்கேல் புல்சிஃபர் குழு வெளியிட்டதில், சிகிச்சைக்கு முன் இந்த முறையிலும் நெகட்டிவாக இருந்த பிள்ளைகளில் இரண்டு வருடத்தில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை, பொசிட்டிவாக இருந்தவர்களில் 53 சதவீதம். சிறிய கூட்டம்தான் மாஸ்ரர், நீங்கள் சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அந்த வரிசையை அறிய நோய் முதன்முதலில் கண்டுபிடித்தபோது எடுத்த மாதிரி வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? தெல்லிப்பழையிலோ மகரகமவிலோ நோய் கண்டு, மச்சை மாற்ற இந்தியா போய், திரும்பி வந்து கிளினிக்குக்கு வேறொரு இடம் போனால் மாதிரியும் விபரமும் நாலு இடத்தில் கிடக்கும். கைமெரிசமும் அப்படித்தான். சிகிச்சைக்கு முன் எடுத்த பிள்ளையின் டி.என்.ஏ.யும் கொடையாளியின் டி.என்.ஏ.யும் அடிப்படையாக இருக்க வேண்டும். இப்போது மகளின் குருதியில் எடுத்தால் வருவது தம்பியின் டி.என்.ஏ. கன்னத்து உட்புறத்தைச் சுரண்டினாலும் தம்பியின் கலம் கலந்திருக்கும். நகம், தலைமுடி வேர் என்று அலைய வேண்டி வரும். ஆகவே எந்த ஆய்வுகூடத்தில் முதல் கைமெரிசம் செய்தார்களோ அங்கேயே தொடருங்கள், முடியாவிட்டால் அந்தக் குறிகளின் பட்டியலை எழுத்தில் வாங்குங்கள்.

வேர்மருந்து_88 | வியாழன், மாலை 4.05

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

மட்டுறுத்துனர் | வியாழன், மாலை 4.30

லுக்கீமியா திரும்பாமல் இருக்கத் தூள் விற்கிறேன் என்று தொலைபேசி இலக்கம் போட்டவரின் பதிவு நீக்கப்பட்டது. இந்த இழையில் இனி விற்பனை வேண்டாம்.

சுதுமலை_அம்மா | வியாழன், மாலை 6.15

தூள் வேண்டாம், விளங்கியது. ஆனால் பிளேட்லெட் ஏற மாமி பப்பாசி இலைச் சாறு இடித்து வைத்திருக்கிறா. கொடுக்கலாமா? பம்பளிமாசும் வாங்கி வந்திருக்கிறா.

பிள்ளைவாட்டு | வியாழன், இரவு 9.30

இரண்டும் வேண்டாம். பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட் வகைகள் சைக்ளோஸ்போரின் உடம்பில் உடைவதைத் தடுக்கும், மருந்தின் அளவு குருதியில் எகிறிவிடும், சிறுநீரகம் பாதிக்கப்படும். பப்பாசி இலைச் சாறு பச்சையாக இடிப்பது, தொற்றுக்கு எதிர்ப்பு இல்லாத பிள்ளைக்கு அதுவே ஆபத்து. அதோடு பிளேட்லெட் ஏன் இறங்கியது என்பதைக் கண்டுபிடிக்கிற வேளையில் புதிதாக ஒன்றும் கலக்கக் கூடாது. மாமியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், பழி என் மேல் இருக்கட்டும்.

பெரியப்பா_லண்டன் | வியாழன், இரவு 11.40

ஒரு கேள்வி. எங்கள் உறவில் ஒரு பெடியனுக்குப் பொருத்தமான சகோதரம் இல்லை, தகப்பனிடமிருந்து அரைப் பொருத்தத்தில் செய்யப் போகிறார்கள். கணிப்பு அவனுக்கும் இதே மாதிரியா?

பிள்ளைவாட்டு | வெள்ளி, இரவு 7.55

அநேகம் இதேதான் பெரியப்பா. ஒரு வித்தியாசம் உண்டு. அரைப் பொருத்தத்தில், தகப்பனின் கலங்கள் அடையாளம் காண்பது பிள்ளைக்குத் தாய் வழியாக வந்த எச்.எல்.ஏ. அடையாளங்களை, அதாவது கொடையாளி பொருத்தம் பார்க்கும் கல அடையாளங்களை. 2009இல் இத்தாலியின் மிலானில் கண்டுபிடித்தார்கள், சில லுக்கீமியாக் கலங்கள் அந்த அடையாளங்களை அப்படியே தொலைத்துவிட்டுத் திரும்பி வருகின்றன. கொடையாளியின் கலங்களுக்கு அவற்றை இனித் தெரியாது. அந்த நிலையில் அதே கொடையாளியின் வெண்கலங்களைத் திரும்பக் கொடுப்பதில் பயனில்லை. எனவே திரும்பினால் அந்தப் பரிசோதனையையும் கேட்க வேண்டும்.

சுதுமலை_அம்மா | சனி, காலை 8.10

அங்கிருந்து பதில் வந்தது. டெங்கு இல்லை. சி.எம்.வி. பொசிட்டிவ், மருந்து தொடங்கியாயிற்று. அந்த மருந்தாலும் எண்ணிக்கை இறங்கலாம், பயப்பட வேண்டாம் என்றார்கள். குருதிப்பூச்சில் பிளாஸ்ட் இல்லை. மச்சையை ஆறாம் மாதம் வரை வைத்திருக்காமல் வருகிற வெள்ளிக்கிழமை இங்கேயே எடுத்து, எம்.ஆர்.டி.க்குக் கொழும்புக்கு அனுப்பி, கைமெரிசத்தை இந்தியாவுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். வேலியோரம் அண்ணை சொன்னபடி, பொசிட்டிவ் வந்தால் அடுத்தது என்ன என்றும் கேட்டேன். சைக்ளோஸ்போரினை முதலில் குறைப்பார்களாம், தம்பியின் கலம் கொஞ்சம் குளிரூட்டி வைத்திருக்கிறார்களாம். அது எங்களுக்குத் தெரியாது.

ஆய்வுகூடக்காரன் | சனி, காலை 9.25

வெள்ளிக்கிழமை வேண்டாம் அக்கா. ஃப்ளோ மாதிரி உயிருள்ள கலம், ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள் ஓட வேண்டும். வெள்ளி இரவு பஸ்ஸில் ஏற்றினால் சனி காலை கொழும்பில் வாங்க ஆள் இருக்க மாட்டார், திங்கள் எடுத்தால் பாதிக் கலம் செத்திருக்கும். திங்கள் அல்லது செவ்வாய்க்கு மாற்றச் சொல்லுங்கள். ஐஸில் வைக்கக் கூடாது, சாதாரண அறை வெப்பம், வெயில் படாமல். முதல் இழுப்பு எம்.ஆர்.டி. குழாய்க்கு என்று வாட்டில் எழுதிக் கொடுங்கள். முன்பு பிளினற்றுமொமாப் கொடுத்திருந்தால் அதையும் படிவத்தில் எழுத வேண்டும், அந்த மருந்து குறிவைக்கிற சி.டி.19 என்கிற குறியைக் கைவிட்ட கலங்களையும் தேட வேண்டியிருக்கும். கைமெரிசத்துக்கு அவசரமில்லை, டி.என்.ஏ. தாங்கும்.

சுதுமலை_அம்மா | சனி, காலை 11.00

செவ்வாய்க்கு மாற்றியாயிற்று தம்பி. இரண்டாம் சிகிச்சையின்போது பிளினற்றுமொமாப் ஒரு சுற்றுக் கொடுத்தவர்கள், படிவத்தில் எழுதச் சொல்கிறேன். கொழும்பில் குழாயை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கத் தம்பிமுறையான ஒருவர் வெள்ளவத்தையில் இருக்கிறார்.

பனங்காய்ப்பணியாரம் | சனி, காலை 11.20

அவருக்கு வேலை என்றால் சொல்லுங்கள் அக்கா. செவ்வாய் இரவு பஸ்ஸில் நானும் கொழும்பு போகிறேன், புதன் காலை கையோடு கொடுத்துவிடலாம்.